காடாத் துணியில் உட்கார்ந்திருந்த பையன்

கரண்டு போனால்தான் எங்கள் ஊரில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். மற்ற நேரமெல்லாம் ஆத்தோரத்து மேட்டுத் தெருவில் தொடங்கிப் பள்ளிக்கூடத் தெரு முடிய வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்துக்குள் பிறந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி வளர்ந்த எங்கள் ஊர்ப் பெண்கள் காதை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டு, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு பொறந்த வீட்டுக்குப் போனாள் என்பதெல்லாம் ஓடுகிற தறிக்கு மேலாக, ஒரு பொட்டுக் குரல் இல்லாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும். அப்படிப்பட்ட ஊரில் எல்லாருடைய குரலையும் பேசத் தெரிந்த பிள்ளையாக நான் பிறந்தது ஆண்டவன் செய்த குறும்பு, என்னுடையது இல்லை.

என் பெயர் சௌபர்ணிகா. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது, ‘ஸ்பீக்கர்’ என்பார்கள். தலைமை ஆசிரியர் அருணகிரி சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் “அதாவது, என்னன்னு கேட்டா” என்பார், நான் கழிப்பறைக்குப் பின்னால் நின்று “அதாவது, என்னன்னு கேட்டா, இன்னிக்கு அரை நாள்” என்று சொல்லி ஆறாம் வகுப்பு மொத்தத்தையும் பையோடு கேட் வரைக்கும் அனுப்பியிருக்கிறேன். தறி சங்கத் தலைவர் செங்கோட்டுவேல் முதலாளி பேசுவதற்கு முன்னால் தொண்டைக்குள் ஒரு மாட்டு வண்டி மேடேறும், அதையும் வைத்திருக்கிறேன். குக்கர், மிக்சி, மினி பஸ், கோயில் மணி, முபீனா வீட்டுப் பூனை எல்லாம் என்னிடம் உண்டு. முபீனா என் பக்கத்தில் உட்காருகிறவள். “உன்ற சொந்தக் குரல் எது புள்ள, அதை எங்கயாச்சும் அடமானம் வெச்சிட்டியா” என்று கேட்பாள்.

மாதம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்தில் சிறுவர் படம் போடுவார்கள். விசாலாட்சி டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. தமிழ் டீச்சர் என்பதால் கடைக்காரரிடம் பேசினாலும் எழுதிவைத்துப் பேசுகிற மாதிரியே பேசுவார். “படம் பார்ப்பது பொழுதுபோக்கு அன்று பிள்ளைகளே, அதுவும் ஒரு பாடம், கண்ணால் படிக்கிற பாடம்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார், படம் முடிந்ததும் வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்: இவர் ஏன் அப்படிச் செய்தார், அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய். திரைக்கு என்று காசு கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை, முதலாளி கொடுத்த காடாத் துணி, அதாவது சாயம் போடாத வெள்ளைத் துணி, என் அம்மா ருக்குமணி ஓட்டுகிற தறியில் அறுத்தது, எங்கள் வகுப்பின் முன்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தது.

அன்றைக்குப் போட்டது ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம், அந்த நாட்டின் பெயரை அருணகிரி சார் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் “அதாவது, என்னன்னு கேட்டா, மலைப்பக்கம்” என்று முடித்துக்கொண்டார். சிவப்புக் குல்லா போட்ட ஒரு பையன், அம்மா இல்லை, அப்பா தூரத்து நகரத்தில் வேலை பார்க்கிறார், ஒருநாள் அப்பா வரச்சொல்லிவிடுகிறார், பையன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் வந்து, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறான். பேச்சு அவர்கள் பாஷையில், கீழே எழுத்து தமிழில். பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது, அல்லது கேட்டது என்று நினைத்தோம், வெளியே தறி ஓடும்போது எங்கள் ஊரில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நிமிஷத்தில் கரண்டு போய்விட்டது.

மலை போனது, பாதை போனது, வெளியே தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின, ஊரே வாசலுக்கு வந்து சத்தமாகப் பேசத் தொடங்கியது. பையன் மட்டும் போகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தோம், காடாத் துணியின் நடுவில், கல்லின் மேல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“யாரும் எழுந்திருக்கக் கூடாது, படம் இன்னும் முடியவில்லை” என்றார் விசாலாட்சி டீச்சர்.

மணி அடித்தும் படம் முடியாததால் மறுநாள் காலையில் கணக்குப் பாடம் அவனுக்கும் சேர்த்தே நடந்தது. கரும்பலகைக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் இடம்தான், ஆகவே டீச்சர்கள் எழுதும்போது “தலையை நகர்த்துப்பா” என்று அவனிடம் சொல்லிப் பழகிக்கொண்டார்கள், அவனும் நகர்த்தினான். அருணகிரி சாருக்கு இரண்டு நாள் தலைவலி. “அதாவது, என்னன்னு கேட்டா, டிசி இல்லாம ஒரு பையனை வகுப்புல எப்படி உக்கார வைக்கிறது, அதுவும் நடு வருசத்துல.” கடைசியில் அவன் சேர்ந்து படிக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவுசெய்தார். சத்துணவு சமைக்கிற அக்கா அப்படி விடவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கும்தானே பசிக்கும் என்று துணிக்குக் கீழே தினமும் ஒரு தட்டுச் சோறும் முட்டையும் வைத்துவிட்டுப் போனார். தட்டு திரும்பும்போது காலியாகத்தான் திரும்பியது, ஆனால் அது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஊரிலிருந்து முதலில் பார்க்க வந்தவர்கள் தறி மேஸ்திரிகள். எங்கள் ஊரில் துணியில் ஏதாவது தெரிந்தால் யாரும் என்ன அது என்று கேட்கமாட்டார்கள், பாவுக் கோளாறா ஊடைக் கோளாறா, நீள நூலில் பிசகா குறுக்கு நூலில் பிசகா என்றுதான் கேட்பார்கள். இழை எண்ணுகிற கண்ணாடியைப் பையன் முகத்தின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, அவன் மூக்கருகில் எத்தனை நூல், கன்னத்தருகில் எத்தனை நூல் என்று எண்ணினார்கள். அவனும் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். செங்கோட்டுவேல் முதலாளி துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், தொண்டைக்குள் வண்டி மேடேறியது.

“துணி சுத்தமப்பா. ஒரு இழை பிசகல. பையன் சினிமாக்காரங்க கோளாறு, நம்ம கோளாறு இல்ல.”

அதைக் கேட்டதும் ஊருக்கே நிம்மதியாகிவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் பையன் பேசினான். வாய் அசையும், குரல் வராது, குரல் மட்டும் புரொஜெக்டர் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது போல. இதிலென்ன கஷ்டம், வாயைப் பார்த்துப் பேச்சுப் பிடிக்கிறவர்கள்தான் ஊர் முழுக்க இருக்கிறார்களே என்று அம்மாவையும் மேட்டுத் தெருப் பெண்களையும் கூட்டிவந்தார்கள். அம்மா இடுப்பில் கைவைத்து, புருவம் சுருக்கி, ரொம்ப நேரம் அவன் உதட்டையே பார்த்தார்.

“என்னம்மா சொல்றான்?”

“வாயி நல்லாத் தெளிவா இருக்குது கண்ணு. பேச்சுத்தான் நம்முது இல்ல.”

நூறு தறி ஓடினாலும் நாலு வீடு தள்ளி நிற்கிறவளின் முணுமுணுப்பைப் பிடிக்கிற பெண்கள், பக்கத்தில் நின்று பேசுகிற ஒரு வாயைப் பிடிக்க முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முகத்திலும் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை, எனக்குத் தாங்கவில்லை, மறுபடி அவன் வாயைத் திறந்தபோது நானும் திறந்துவிட்டேன்.

“ஆத்தாமார்களே, நாளைக்கு அறிவியல் டெஸ்ட் வேணாமுன்னு டீச்சர்கிட்டச் சொல்லுங்”

அவன் உதடு மூடிய இடத்தில் என் வாக்கியமும் மூடியது. குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, கொஞ்சம் மூக்கடைத்த, குளிரில் நின்ற பையன் குரல். முபீனா என் தொடையில் கிள்ளினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அது ருக்குமணி மகளின் வேலை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் காதை நம்புகிறவர்கள் இல்லை, வாயை நம்புகிறவர்கள், வாய் பொருந்திப்போகிறதே, என்ன செய்வார்கள். மறுநாள் அறிவியல் டெஸ்ட் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் லீவு போடவில்லை. அவன் பேசப் பேச நான் பேசினேன், அவன் எங்கள் ஊர்க்காரனாகவே ஆகிப்போனான், சத்துணவு அக்காவிடம் சாம்பாரில் உப்பு பத்தலை என்றான், அருணகிரி சாரிடம் “அதாவது, என்னன்னு கேட்டா, பிரேயர்ல பேசறதக் கொஞ்சம் சுருக்குங் சார்” என்றான், சார் அடுத்த நாள் சுருக்கினார். ஊர்க்காரர்கள் யோசனை கேட்க வந்தார்கள். இந்த முகூர்த்தத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாமா, அடுத்த முகூர்த்தத்துக்குப் போகலாமா. நான் அவன் வாயைப் பார்த்து வந்ததைச் சொன்னேன். நாள் போகப் போக எனக்கே ஒரு குழப்பம், நான் இட்டுக்கட்டுகிறேனா, இல்லை அவன் நிஜமாகவே சொல்வது என் தொண்டை வழியாக வருகிறதா என்று, ஏனென்றால் சில வாக்கியங்கள் நான் யோசிப்பதற்கு முன்னால் வந்துவிட்டன.

ஒன்று மட்டும் தினமும் நடந்தது. பகலில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கரண்டு போய்த் திரும்பி வரும், தறிகள் மறுபடி ஓடத் தொடங்கும், அப்போதெல்லாம் பையன் சட்டென்று எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாகப் பார்த்தபடி நிற்பான். அதற்கு நான் வைத்திருந்த வசனம்: “டீச்சர், ஒண்ணுக்குப் போகோணுங்.” ஒவ்வொரு தடவையும் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன் மறுபடி உட்கார்ந்துகொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை விசாலாட்சி டீச்சர், பாதியில் நின்ற படத்தை முடித்துவிட்டால் கேள்வித்தாள் கொடுத்துவிடலாம் என்று, முன்சுவரில் பையன் இருப்பதால் புரொஜெக்டரைத் திருப்பிப் பின்சுவரில் ஓடவிட்டார். நாங்கள் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தோம். மலைப்பாதை வந்தது, கல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது, பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது, யாரும் ஏறவில்லை, மூடிக்கொண்டு போய்விட்டது. அடுத்து நகரத்து பஸ் நிலையம். அப்பா நிற்கிறார், கையில் புதுச் செருப்பு போல ஒன்று, அந்த ஊரில் பூட்ஸ், சின்னப் பூட்ஸ், நாடாவைச் சேர்த்து முடிந்து பிடித்திருக்கிறார். பஸ் வருகிறது. எல்லாரும் இறங்குகிறார்கள். அவர் உள்ளே ஏறி சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு இறங்குகிறார். அடுத்த பஸ் வருகிறது. அடுத்த பஸ். படம் முடியவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது, நாங்கள் போகவில்லை, அவர் தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது, அவர் தட்டிவிடவும் இல்லை.

முபீனாதான் முன்னால் திரும்பிப் பார்த்தாள். “ஏய், அவன் பாக்கறான்.”

நாங்கள் எல்லாரும் திரும்பினோம். பையன் எழுந்து நின்றிருந்தான். எங்கள் தலைகளுக்கு மேலாக எதிர்ச்சுவரில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது, மறுபடி மறுபடி ஒரே மாதிரி அசைந்தது. அந்தப் பக்கத்தில் அப்பா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு என்னைப் பார்த்தது. “அப்பா, நான் இங்கதான் இருக்கறன்” என்றேன். விசாலாட்சி டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு புரொஜெக்டரை அணைத்தார். பிள்ளைகள் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை, அவன் சொன்னது அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை, அவன் வாய் அசைந்த நீளமும் என் வாக்கியத்தின் நீளமும் முதல் தடவையாக ஒத்துப்போகவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை.

அதே படத்தைப் போட்ட மற்ற பள்ளிக்கூடங்களிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கே போட்டாலும் அப்பா நிற்கிறார், நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் மறுநாளும் நிற்கிறார், ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது என்றார்கள், இன்னொன்றில் சின்னப் பிள்ளைகள் எழுந்து திரையைத் தட்டி, உங்கள் பையன் இந்த ஊரில் இருக்கிறான் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார்களாம். கடைசியில் மேலிடத்திலிருந்து அருணகிரி சாருக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை ஆள் வருகிறார், துணியை மடித்துக் கொடுத்தனுப்ப வேண்டும், பதிலுக்கு நல்ல திரை வரும், அதில் நல்ல படம் வரும்.

“மடிச்சா?” என்றார் அம்மா, சேதி கேட்டதும். தறிக்கு முன்னால் நின்றுகொண்டு உதட்டால் கேட்டார். “மடிச்சா அவன் முகத்து மேலயே மடிப்பு விழுகுமே கண்ணு.”



சனிக்கிழமை மாதாந்திர மின்நிறுத்தம், காலையிலிருந்து கரண்டு இல்லை, சிறப்பு வகுப்பு என்று எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. பையன் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான், பேசவும் இல்லை. சாயங்காலம் கரண்டு வந்தது, மேட்டுத் தெருவில் முதல் தறி தட்டியது, அவன் துள்ளி எழுந்தான், பெட்டியைத் தூக்கினான், வலது பக்கம் பார்த்தான். ‘டீச்சர், ஒண்ணுக்கு’ என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் அவன் வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் போக வேண்டியவன் முகம் அப்படி இருக்காது. சங்ககிரி பஸ்சுக்கு நிற்கிறவர்கள் முகம்தான் அப்படி இருக்கும், தூரத்தில் ஒன்று வரும், நம்முடையதா இல்லையா என்று தெரியாது, எதற்கும் பையைத் தூக்கிக்கொள்வோமே, அந்த முகம்.

அவன் உட்காருகிற வரைக்கும் காத்திருந்து, துணிக்குப் பக்கத்தில் போய், மினி பஸ் சத்தம் போட்டேன். திரும்பவில்லை. டவுன் பஸ், காலேஜ் பஸ், லாரி. திரும்பவில்லை. கடைசியில் நாக்கை அண்ணத்தில் தட்டி, டக்கட டக்கட டக்கட என்று தறியைப் போட்டேன். சடாரென்று எழுந்தான்.

“முபீனா, அவங்க ஊரு பஸ்சு நம்ம தறியாட்டத்தான் சத்தம் போடும் போல. தினமும் பஸ் வருதுன்னு எந்திரிக்கறான் புள்ள.”

“அப்ப ஏறிப் போக வேண்டியதுதான?”

“எங்க ஏறுவான்.”

முபீனா என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “நிக்காத பஸ்சுல எவன் ஏறுவான் ஸ்பீக்கரு? நம்மூரு தறி வருது வருது வந்துட்டே இருக்குது. ஒருக்காவாச்சும் நின்னுச்சா?”

கரண்டு போகும்போது நிற்கிறதே என்றேன். அது பஞ்சரான பஸ் மாதிரி, எங்கேயோ வழியில் நின்றுவிடுகிறது, அவன் முன்னால் வந்து நிற்க வேண்டாமா என்றாள். சரிதான். மேட்டுத் தெருவில் தொடங்கி, தெருத் தெருவாகச் சத்தம் கிட்டே வந்து, பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க வேண்டும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் கேட்டோம். தொண்டைக்குள் வண்டி பாதி மேட்டில் நின்றது. “ஏம்மா ருக்குமணி, ஊர்த் தறிய எல்லாம் போட்டுப் போட்டு நிறுத்தினா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? கரண்டு போயி நின்னா நிதானமா இழையச் சரிபண்ணிப் போடறோம், இப்படி அவசரத்துல போட்டா நிறுத்தின எடத்துல குறுக்கால கோடு விழுகும். கோடு விழுந்த துணிய எவன் வாங்குவான்? சினிமாப் பையனுக்காகச் செய்யற காரியமா இது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

“சரி, அவரு சொல்லமாட்டாரு” என்றார் அம்மா தெருவில் வரும்போது. பிறகு, என்னைப் பார்க்காமல், சத்தமும் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தார். “அவரு குரலு சொல்லுமில்ல?”

பெற்ற அம்மாவே அப்படிச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்.

திங்கட்கிழமை மேலிடத்து ஆள் ஒரு சாக்குப் பையோடு வந்து, ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வழக்கம் போலக் கரண்டு போனது. ஊர் வாசலுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டின சங்கக் கட்டிடத்தில், மின்தடையை அறிவிக்க வைத்திருக்கிற பேட்டரி மைக்கை முபீனா தட்டிப் பார்த்துக் கொடுத்தாள். தொண்டைக்குள் மாட்டு வண்டியை மேடேற்றினேன், ஊர் முழுக்க அது மேடேறியது.

“கேளுங்கப்பா, தலைவர் பேசறேன். கரண்டு வந்த ஒடனே யாரும் தறி போட வேண்டாம். மேட்டுத் தெரு மொதல்ல போடட்டும். அது ஓடினதுக்குப் பொறவு நடுத்தெரு. அப்பறம் கோயில் தெரு. பள்ளிக்கூடத் தெரு கடைசி. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வாசல்ல நில்லுங்க, ருக்குமணி நிறுத்துன்னு வாயசைச்சா கைமாத்தி அனுப்புங்க, எல்லாத் தறியும் நிக்கோணும். இது சங்கத்து முடிவு.”

அப்போது செங்கோட்டுவேல் முதலாளி டீக்கடையில் வடை பிட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் பின்னால் சொன்னது இது. தன் குரல் மேலேயிருந்து வருவதைக் கேட்டு முதலாளி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார், பிறகு வடையைப் பார்த்தார்.

“ஏப்பா, நான் எப்பச் சொன்னேன் இதை?”

“இப்பத்தானுங்க சொல்லிட்டிருக்கறீங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நானே சொன்னா அதுல ஏதோ காரணம் இருக்கும்” என்று சொல்லி, மேட்டுத் தெருவில் ஆட்கள் தயாராக நிற்கிறார்களா என்று பார்க்கக் கிளம்பினார்.

நான் வகுப்புக்கு ஓடிவந்தபோது மேலிடத்து ஆள் நாற்காலியின் மேல் ஏறி முதல் ஆணியைப் பிடுங்கியிருந்தார், துணியின் ஒரு முனை தொங்க, பையன் பாதி சாய்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஐயா, சற்றே பொறுங்கள்” என்று விசாலாட்சி டீச்சர் அந்த முனையைத் தன் கையால் தூக்கிப் பிடித்தார். “படம் இன்னும் முடியவில்லை.”

கரண்டு வந்தது.

மேட்டுத் தெருவில் ஒரே ஒரு தறி தட்டியது. பையன் தலை நிமிர்ந்தது. பிறகு அந்தத் தெரு முழுவதும் ஓடியது, தூரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ உருண்டு வருவது போல. நடுத்தெரு சேர்ந்துகொண்டது, சத்தம் ஒரு வளைவு திரும்பியது, கோயில் தெரு சேர்ந்துகொண்டது, சத்தம் இறங்கி வந்தது, பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்த எங்களுக்கு அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வரக்கூடியது என்று அன்றுதான் தெரிந்தது, பெஞ்சில் பேனாக்கள் நடுங்கின, பையன் எழுந்து பெட்டியோடு துணியின் வலது ஓரத்துக்கே வந்துவிட்டான், கடைசியாகப் பள்ளிக்கூடத் தெருத் தறிகள் ஜன்னலுக்கு வெளியே முழங்கின, நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. ஜன்னலில் அம்மா நின்றிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தெருப் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். எதிர் வாசலில் நின்றவர் அடுத்த வாசலுக்கு, அவர் அடுத்த வாசலுக்கு. சேதி மேட்டுத் தெருக் கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து தறிகள் நின்றுகொண்டே வந்தன, கடைசித் தறி ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

அந்த அமைதியில் நான் பிரேக் போட்டேன். நீளமாக, காற்று இறங்குகிற மாதிரி. கதவைத் திறந்தேன், கீல் கிறீச்சிட்டது. அவர்கள் ஊர்க் கண்டக்டர் எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊர்க் கண்டக்டர்தான் வந்தார்.

“ஏறுங் ஏறுங், பெட்டிய உள்ள தள்ளிக்குங், படியில நிக்காதீங்.”

பையன் ஒரு காலைத் தூக்கி வைத்தான். துணிக்கு வெளியே, எங்கள் சுவரில் இல்லாத ஏதோ ஒரு படியில் அந்தக் கால் ஏறி மறைந்தது. பெட்டி மறைந்தது. அரை உடம்பு துணியில் இருக்கும்போது திரும்பி எங்களைப் பார்த்தான், சத்துணவுத் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாய் அசைந்தது. பெரிய வாக்கியம் இல்லை, சின்னதுதான்.

“அதாவது, என்னன்னு கேட்டா” என்றார் அருணகிரி சார் மெதுவாக, “என்னம்மா சொல்றான்?”

பெஞ்சு மொத்தமும் என்னைப் பார்த்தது. ஜன்னலிலிருந்து அம்மா பார்த்தார். அந்த வாயசைவுக்குப் பொருந்துகிற வாக்கியங்கள் என் தொண்டையில் வரிசையாக நின்றன, எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள்.

“தெரியலைங் சார்” என்றேன். முபீனா திரும்பி என்னைப் பார்த்தாள். அது யார் குரல் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

அவன் உள்ளே போய்விட்டான். நாங்கள் நின்றோம். துணி வெள்ளையாக இருந்தது. ஏதோ குறைந்தது, என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, விசாலாட்சி டீச்சர் துணியின் முனையைப் பிடித்தபடியே இருந்தார். முதலில் புரிந்தது அம்மாவுக்கு. பஸ் ஏறிவிட்டால் போதுமா, புறப்பட வேண்டாமா. தெருப் பக்கம் திரும்பி அவசரமாக உதட்டை அசைத்தார், போட்டுடுங் போட்டுடுங் என்று. பள்ளிக்கூடத் தெருவில் தறி தட்டியது, கோயில் தெரு சேர்ந்தது, நடுத்தெரு, மேட்டுத் தெரு, சத்தம் ஆத்தோரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மேலிடத்து ஆள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஊரில் ஓடின துணி அத்தனையிலும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. முதலாளி அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, யாரைத் திட்டுவது என்று ரொம்ப நாள் குழம்பினார், சொன்னது அவர்தானே. கடைசியில் அதை வேட்டியாக அடித்து ஊருக்குள்ளேயே விற்றார். கோட்டு வேட்டி என்று இன்றைக்கும் பேர்.

அடுத்த மாதம் புதுத் திரையில் அந்தப் படத்தையே மறுபடி போட்டார்கள். கரண்டு போகவில்லை. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் நான் போட்ட குரலில் ஏறுங் ஏறுங் என்றார், கீழே அதற்கு எழுத்து வரவில்லை. நகரத்தில் அப்பா தாடியோடு நின்றிருந்தார், பையன் இறங்கினான், அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிவிட்டார், கால் நுழையவில்லை. எங்கள் சத்துணவில் வளர்ந்துவிட்டிருந்தான். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவன் காலைப் பிடித்துப் பார்த்தார், அப்படியே சிரித்துவிட்டார், படம் முடிந்தது. விசாலாட்சி டீச்சர் வெள்ளைத் தாள் கொடுத்தார். பூட்ஸ் ஏன் பொருந்தவில்லை, விளக்குக. எல்லாரும் எழுதினோம், ஒருவர் எழுதினது போல இன்னொருவர் எழுதவில்லை, டீச்சர் எல்லாருக்கும் சரி போட்டார்.

அந்தக் கடைசி வாயசைவை அம்மா இன்னும் விடவில்லை. தறிக்கு முன்னால் நின்று அந்த மாதிரியே உதட்டை அசைத்து அசைத்துப் பார்க்கிறார், எதிர்த் தறியில் இருப்பவர் என்ன என்று கேட்கிறார், தெரியலை என்று அம்மா உதட்டாலேயே சொல்கிறார். கரண்டு போகிறது, தறிகள் அடங்குகின்றன, ஊர் வாசலுக்கு வருகிறது. முன்னெல்லாம் வந்ததும் பேசத் தொடங்குவார்கள். இப்போது முதலில் தெருவின் வலது கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், யாராவது இறங்குகிறார்களா என்று.